ஜிப்ஸியில் 1.6 பலேனோ இன்ஜின் ஏற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாருதி ஜிப்ஸி வைத்திருப்பவர்கள் ஒரு கட்டத்தில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "வண்டி எங்கேயும் ஏறுது, ஆனா ஏற்றத்துல மூச்சு வாங்குது. பெரிய இன்ஜின் போடலாமா?" போடலாம். நம் நாட்டில் அதற்கு மிகவும் பொருந்துவது பழைய பலேனோ செடானின் 1590 சிசி ஜி16பி இன்ஜின். அதை ஏற்றும்போது எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

எந்த பலேனோ? ஷோரூமில் விற்கும் பலேனோவா?

இல்லை. 2015-இல் வந்த பலேனோ வேறு கார், அதன் இன்ஜின் குடும்பமும் வேறு. இங்கே சொல்வது 1999 முதல் 2007 வரை விற்ற நான்கு கதவு செடான் பலேனோ. அதன் ஜி16பி இன்ஜினில் 4 சிலிண்டர், 16 வால்வு, ஒற்றைக் கேம்ஷாஃப்ட், டைமிங் பெல்ட், அலுமினிய பிளாக். போர் 75 மிமீ, ஸ்ட்ரோக் 90 மிமீ. பழைய உதிரிபாகக் கடையில் கேட்கும்போது "செடான் பலேனோ, 1.6" என்றே சொல்லுங்கள். வெறும் "பலேனோ இன்ஜின்" என்றால் எது வந்து இறங்கும் என்று சொல்ல முடியாது.

என் ஜிப்ஸியில் இருப்பது எந்த இன்ஜின்? எவ்வளவு வித்தியாசம் தெரியும்?

1985-இல் வந்த முதல் ஜிப்ஸியான எம்ஜி410-இல் இருந்தது 970 சிசி எஃப்10ஏ. 45 குதிரைத்திறன், 4 கியர். 1996-இல் வந்த ஜிப்ஸி கிங்கில் 1298 சிசி கார்புரேட்டர் இன்ஜின், 60 குதிரைத்திறன், 5 கியர். 2000-க்குப் பிறகு அதே 1298 சிசி 16 வால்வோடும் எம்பிஎஃப்ஐ-யோடும் (மின்னணுப் பெட்ரோல் இன்ஜெக்ஷன்) ஜி13பிபி ஆக வந்தது: 80 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 4500 சுழற்சியில் 103 நியூட்டன் மீட்டர் இழுவை (டார்க்).

ஜி16பி தருவது 94 குதிரைத்திறன், 130 நியூட்டன் மீட்டர். குதிரைத்திறனில் பெரிய தாவல் இல்லை என்று தோன்றும். ஓட்டும்போது தெரிவது இழுவைதான். ஜி13பிபி-யின் ஸ்ட்ரோக் 75.5 மிமீ, ஜி16பி-யில் 90. இழுவை 26 சதவீதம் கூடுவதோடு, கீழ்ச் சுழற்சியிலேயே வந்துவிடுகிறது. மலைப்பாதையில் மூன்றாவது கியரில் மிதித்துக்கொண்டே போன இடத்தில் நான்காவதில் போகலாம். நெடுஞ்சாலையில் 120-க்கு மேல் பறக்க வேண்டும் என்ற ஆசையில் இந்த வேலையை எடுக்காதீர்கள். ஜிப்ஸியின் உயரமும் லீஃப் ஸ்பிரிங்கும் அந்த வேகத்துக்கு உரியவை அல்ல.

இதைவிட எளிய வழி உண்டா?

கார்புரேட்டர் ஜிப்ஸி கிங் என்றால் உண்டு. ஜிப்ஸி எம்பிஎஃப்ஐ-யின் ஜி13பிபி-யையே வயரிங், ஈசியு (இன்ஜினை நடத்தும் கணினி), டேங்க் பம்ப் எல்லாவற்றோடும் முழுசாக மாற்றுங்கள். 60-இலிருந்து 80-க்கு வரும். மவுண்ட் (இன்ஜினைத் தாங்கும் பிடி), சேம்பர் (இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி), ரேடியேட்டர் எதிலும் வெட்டி ஒட்டும் வேலை இருக்காது. தினசரி ஓட்டும் வண்டிக்கு இதைத்தான் முதலில் சொல்வோம். நீங்கள் ஏற்கனவே எம்பிஎஃப்ஐ வைத்திருந்து, பெரிய டயரும் போட்டு, மலைப்பகுதியில் ஆள் ஏற்றி ஓட்டுகிறீர்கள் என்றால்தான் 1.6 செலவுக்கு ஈடாகும்.

இன்ஜினைத் தொடுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். இருக்கிற இன்ஜினின் கம்ப்ரஷனை (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தத்தை) அளந்து பாருங்கள். "இழுவை இல்லை" என்று வரும் வண்டிகளில் பல, தேய்ந்த ரிங்கோடும் அடைத்த கேட்டலிட்டிக் கன்வர்ட்டரோடும் ஓடுபவை.

எம்ஜி410-இல் நேரடியாக 1.6 ஏற்ற முடியுமா?

இன்ஜின் மட்டும் மாற்றினால் போதாது. எஃப்10ஏ-யின் பெல் ஹவுசிங் (இன்ஜினைக் கியர் பெட்டியோடு இணைக்கும் கூடு) துளைகளும் ஜி வரிசை இன்ஜின்களின் துளைகளும் வேறு வேறு. ஜிப்ஸி கிங்கின் 5 கியர் பெட்டியும் சேர்ந்து வர வேண்டும். கியர் பெட்டியின் நீளம் மாறுவதால், அதற்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் (இழுவையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் பெட்டி) நடுவில் இருக்கும் குட்டி ஷாஃப்ட்டையும் அளந்து மாற்ற வேண்டும். எஃப்10ஏ பிளாக் வார்ப்பிரும்பு, ஜி16பி அலுமினியம். அதனால் இன்ஜின் பெரிதானாலும் முன்பக்கம் பாரம் ஏறாது.

இன்ஜின் வாங்கும்போது எதையெல்லாம் சேர்த்து வாங்க வேண்டும்?

சென்னை புதுப்பேட்டையோ வேறு ஊரோ, "இன்ஜின் மட்டும்" என்று வாங்கி வந்தால் பிறகு ஒவ்வொரு பாகத்துக்கும் அலைய வேண்டியிருக்கும். வாங்கும்போதே சேர்த்துக் கேட்க வேண்டியவை: ஈசியு, இன்ஜின் வயரிங், டேஷ்போர்டுக்குள் போகும் கனெக்டர் வரை வெட்டாமல், இன்டேக் மேனிஃபோல்டு, த்ராட்டில் பாடி, எல்லா சென்சார்களும், ஆக்ஸிஜன் சென்சார், மெயின் ரிலே, பம்ப் ரிலே, ஃப்ளைவீல், பிரஷர் பிளேட், ஆல்டர்னேட்டர் அதன் பிராக்கெட்டோடு. இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் இன்ஜினை ஓடவிடாத திருட்டுத் தடுப்பு) உள்ள வண்டியின் இன்ஜின் என்றால் இம்மொபிலைசர் பெட்டி, சாவித்துளையைச் சுற்றியிருக்கும் வளையம், அதே சாவி மூன்றும் வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் செல்ஃப் சுற்றும், வண்டி பிடிக்காது.

தாளும் முக்கியம். இன்ஜின் எண் போட்ட பில்லும், அது எந்த வண்டியிலிருந்து வந்தது, அந்த வண்டியின் பதிவு ரத்தானதா என்பதற்கான நகலும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். எண் தேய்த்திருந்தாலோ மேலே பெயின்ட் அடித்திருந்தாலோ அந்த இன்ஜின் வேண்டாம்.

இன்ஜின் நல்லதா என்று எப்படிப் பார்ப்பது?

நான்கு பிளக்கையும் கழற்றி, த்ராட்டிலை முழுசாகத் திறந்து, நல்ல பேட்டரியில் செல்ஃப் அடித்துக் கம்ப்ரஷன் பாருங்கள். சூடான இன்ஜினில் 14 பார் இருக்க வேண்டும், 12-க்குக் கீழே போகக் கூடாது, சிலிண்டர்களுக்கு நடுவில் 1 பாருக்கு மேல் வித்தியாசம் கூடாது. தரையில் கிடக்கும் குளிர்ந்த இன்ஜினில் எண் குறைவாகத்தான் வரும். அங்கே நான்கும் ஒத்துப்போகிறதா என்பதே கேள்வி. ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்கள். மோர் நிறத்தில் பசை இருந்தால் தண்ணீர் கலந்த இன்ஜினாக இருக்கலாம்.

அடுத்தது கிராங்க் புல்லி. ஜி16 இன்ஜின்களில் கிராங்க் முனையின் நடு போல்ட் தளர்ந்து, டைமிங் கியரை நகராமல் பிடிக்கும் சாவி என்ற சின்ன இரும்புத் துண்டும் அது உட்காரும் சாவிப்பள்ளமும் தேய்வது தெரிந்த குறை. புல்லியையும் டைமிங் கியரையும் கழற்றி, சாவிப்பள்ளத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். ஓரம் கூர்மையாக, நேர்கோடாக இருக்க வேண்டும். அகன்றோ உருண்டோ இருந்தால் டைமிங் தானே நகரும். எவ்வளவு ட்யூன் செய்தாலும் நிற்காது. திரும்ப மாட்டும்போது புது சாவி, புது போல்ட், 130 நியூட்டன் மீட்டர் முறுக்கம். டார்க் ரெஞ்ச் இல்லாமல் "நல்லா டைட் பண்ணியாச்சு" என்று விடுவதால்தான் இந்தக் குறை வருகிறது.

இன்ஜின் வெளியே கிடக்கும்போதே டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், முன் பின் கிராங்க் ஆயில் சீல்கள், வால்வு கவர் கேஸ்கெட் எல்லாம் புதிதாகப் போடுங்கள். ஏற்றிய பிறகு பின் சீல் கசிந்தால் கியர் பெட்டியை மறுபடி இறக்க வேண்டும்.

ஜிப்ஸி கியர் பெட்டியோடு பொருந்துமா?

ஜிப்ஸி கிங்கின் 5 கியர் பெட்டியோடு பெல் ஹவுசிங் பொருந்தும். இந்த வேலை நம் ஊரில் பரவியதற்குக் காரணமே அதுதான். கியர் பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கும். இன்ஜின் எங்கே உட்கார வேண்டும் என்பதை அது தீர்மானித்துவிடும். புரொப்பல்லர் ஷாஃப்ட் எதையும் தொட வேண்டியதில்லை.

ஆனால் போல்ட் ஏறிவிட்டது என்பதோடு வேலை முடியவில்லை. பலேனோ முன்சக்கர ஓட்டம் கொண்ட கார், அதன் இன்ஜின் குறுக்கே படுத்திருந்தது. ஜிப்ஸியில் நெடுக்கே நிற்கிறது. ஜிப்ஸி கியர் பெட்டியின் இன்புட் ஷாஃப்ட் முனை, கிராங்க் பக்கம் இருக்கும் ஒரு சின்ன பைலட் பேரிங்கில் உட்கார்ந்து சுழல வேண்டும். நீங்கள் வாங்கிய இன்ஜினில் அந்த இடத்தில் பேரிங் இருக்கிறதா, வெறும் துளையா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் விரலை விட்டுச் சுற்றுங்கள். கரகரப்பு இருந்தால் மாற்றுங்கள். துளையின் உள் விட்டத்தையும், ஷாஃப்ட் முனையின் வெளி விட்டத்தையும் வெர்னியரில் அளந்து, இரண்டுக்கும் பொருந்தும் பேரிங் போடுங்கள்; தேவையானால் லேத்தில் ஒரு புஷ் கடையச் சொல்லுங்கள். இதை விட்டுவிட்டால் ஷாஃப்ட் ஆதாரமில்லாமல் ஆடும். முதலில் கிளட்ச் அதிரும், பிறகு இன்புட் பேரிங் ஊளையிடும், கடைசியில் கியர் பெட்டியே போகும்.

பிளாக்குக்கும் பெல் ஹவுசிங்குக்கும் நடுவில் இரண்டு டோவல் பின்கள் உண்டு. பழைய இன்ஜின்களில் அவை பெரும்பாலும் தொலைந்திருக்கும். போல்ட்டே பிடித்துக்கொள்ளும் என்று விடாதீர்கள். இன்ஜினையும் கியர் பெட்டியையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்துவது பின்கள்தான்.

கிளட்ச் எதைப் போடுவது?

மூன்று பொருத்தங்களைப் பாருங்கள். கிளட்ச் பிளேட்டின் நடுப் பல் ஜிப்ஸி கியர் பெட்டியின் ஷாஃப்ட்டில் தடையில்லாமல் ஓட வேண்டும். பிளேட்டின் விட்டம் பிரஷர் பிளேட்டோடு ஒத்துப்போக வேண்டும். ஃப்ளைவீலின் ரிங் கியர் ஜிப்ஸி செல்ஃப் மோட்டாரின் பினியனோடு பொருந்த வேண்டும்.

கிராங்க் முனையில் ஃப்ளைவீல் போல்ட்கள் எத்தனை, எந்த வட்டத்தில் என்று இரண்டு இன்ஜினிலும் எண்ணி அளந்து பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் பலேனோ ஃப்ளைவீலையே வைத்து, பெல் ஹவுசிங்குக்குள் எங்காவது உரசுகிறதா என்று கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்த்த பிறகு கியர் பெட்டியை இறுக்குங்கள். ஃப்ளைவீலின் கனம் மாறினால் ரிலீஸ் பேரிங் தொடும் இடமும் மாறும். ஜிப்ஸி கிளட்ச் கேபிளில் இயங்குவது. பெடலில் 20 மிமீ அளவுக்குச் சும்மா ஆட்டம் கிடைக்கும்படி வைக்க முடியாவிட்டால் பொருத்தத்தில் தவறு இருக்கிறது. கேபிளை இழுத்துக் கட்டிச் சமாளித்தால் பிளேட் வழுக்கிக் கருகும்.

சேம்பர் இடிக்குமா?

இடிக்கும் இடம் அதுதான். பலேனோவுக்கு அடியில் முன் ஆக்சில் கிடையாது. ஜிப்ஸியில் உண்டு, அதுவும் லீஃப் ஸ்பிரிங்கில் மேலும் கீழும் போய்வரும் முழு ஆக்சில். ஆயில் சேம்பரின் ஆழமான பகுதி டிஃபரன்ஷியல் கூண்டுக்கு மேலே வந்தால் முதல் பெரிய பள்ளத்திலேயே உடையும்.

ஜிப்ஸியின் பழைய சேம்பர் கேஸ்கெட்டை எடுத்து புது பிளாக்கின் அடியில் வைத்துப் பாருங்கள். துளைகள் ஒத்துப்போனால் ஜிப்ஸி சேம்பரையும் ஆயிலை உறிஞ்சும் அதன் பிக்அப் குழாயையும் சேர்த்தே மாட்டப் பாருங்கள். சேம்பரை மட்டும் மாற்றி பிக்அப்பை விட்டால் இன்ஜின் போய்விடும். கிராங்க்கைக் கையால் சுற்றி, கனெக்டிங் ராடு எங்கும் தட்டவில்லை என்று பாருங்கள். 90 மிமீ ஸ்ட்ரோக்கில் ராடு கூடுதலாக 7 மிமீக்கு மேல் கீழே இறங்கும். துளைகள் பொருந்தவில்லை என்றால் பலேனோ சேம்பரை வெட்டி, ஆழப் பகுதியை நகர்த்தி வெல்டிங் வைக்க வேண்டும். பிக்அப் வலைக்கும் சேம்பர் அடிக்கும் நடுவில் 8 முதல் 10 மிமீ இடைவெளி. பிளாஸ்டிசின் உருண்டையை அடியில் ஒட்டி, சேம்பரை மாட்டிக் கழற்றி, நசுங்கிய கனத்தை அளந்தால் சரியாகத் தெரியும். வெல்டிங் முடிந்ததும் மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு இரவு வைத்துப் பாருங்கள். ஊசித்துளை இருந்தால் வெளியே ஈரம் காட்டும்.

இன்ஜின் உட்கார்ந்த பிறகு, ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கி வைத்து பம்ப் ஸ்டாப் (ஆக்சில் மேலே இடிக்காமல் தடுக்கும் ரப்பர்) தொடும் வரை தூக்குங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு முறை, ஒவ்வொரு பக்கமாக ஒரு முறை. எந்த நிலையிலும் சேம்பருக்கும் ஆக்சிலுக்கும் 25 மிமீ இருக்க வேண்டும்.

சேம்பர் மாறினால் டிப்ஸ்டிக் குறி பொய் சொல்லும். 4 லிட்டர் ஆயிலை அளந்து ஊற்றி, ஓடவிட்டு, பத்து நிமிடம் கழித்து எங்கே நிற்கிறதோ அங்கே புதுக் குறி போடுங்கள்.

மவுண்ட்டும் பானெட்டும்?

ஜிப்ஸியின் பக்கவாட்டு மவுண்ட் கைகளை ஜி16 பிளாக்கில் வைத்துப் பாருங்கள். சில துளைகள் வரும், சில வராது. பிளாக்கில் துளையிடாத மேடு இருந்தால் துளைத்து மரை போடலாம். இல்லாவிட்டால் 6 மிமீ தகட்டில் கை செய்துகொள்ளுங்கள். ரப்பர் புதிதாக இருக்கட்டும்.

1.6 இன்ஜின் 1.3-ஐவிட உயரம். இன்டேக் மேனிஃபோல்டின் மேல்பகுதியில் பிளாஸ்டிசின் வைத்து பானெட்டை மெதுவாக மூடித் திறங்கள். மிஞ்சும் கனம் 20 மிமீக்குக் குறைந்தால் இன்ஜின் உதறும்போது தட்டும். பின்பக்கம் ஃபயர்வாலையும் பாருங்கள்: டிஸ்ட்ரிபியூட்டரோ, தண்ணீர்க் குழாயோ, வயரிங்கோ தகரத்தில் அழுந்திக்கொண்டிருந்தால் ஆறு மாதத்தில் தேய்ந்து ஓட்டை விழும்.

ஜிப்ஸியின் பழைய ஈசியு-விலேயே 1.6-ஐ ஓட்டலாமா? கனெக்டர் பொருந்துகிறதே?

கூடாது. பலரும் செய்து இன்ஜினைக் கெடுத்துக்கொள்வது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

இந்த ஈசியு-க்கள் மேனிஃபோல்டு அழுத்தத்தையும் சுழற்சியையும் வைத்து, "இவ்வளவு காற்று உள்ளே போயிருக்கும்" என்று கணக்குப் போட்டுப் பெட்ரோல் விடுபவை. ஜிப்ஸி ஈசியு-வின் கணக்கு 1298 சிசி-க்கு. உள்ளே போவதோ 1590 சிசி-க்கான காற்று, 22 சதவீதம் அதிகம். அதே இன்ஜெக்டரில் அதே கணக்கில் விட்டால், தேவையானதில் ஐந்தில் ஒரு பங்கு பெட்ரோல் குறையும்.

சீரான வேகத்தில் போகும்போது ஆக்ஸிஜன் சென்சார் இதைக் கண்டுபிடித்து ஈசியு-வைக் கூட்டி விடச் சொல்லும். வண்டி நன்றாகவே ஓடுவதாகத் தோன்றும். முழுசாக மிதிக்கும்போது ஈசியு சென்சார் பேச்சைக் கேட்பதில்லை, தன் அட்டவணையை மட்டும் பார்க்கும். ஆக, ஏற்றத்தில், பாரத்தோடு, அதிகச் சூட்டில் இருக்கும் அந்த நேரத்தில்தான் கலவை மெலிந்து போகிறது. இன்ஜின் கிலுகிலுவென்று தட்டும். அதன் பிறகு பிஸ்டன் மண்டை உருகும், அல்லது ரிங் இடுக்கு உடையும்.

பலேனோ ஈசியு, பலேனோ இன்ஜெக்டர், பலேனோ சென்சார் என்று முழுசாகப் போடுங்கள். கிடைக்காவிட்டால் ட்யூன் செய்யக்கூடிய தனி ஈசியு போட்டு, அகலப்பட்டை ஆக்ஸிஜன் சென்சார் வைத்து, தெரிந்தவரிடம் மேப் போட வேண்டும்.

வயரிங்கில் எத்தனை இணைப்பு தர வேண்டும்?

பார்த்தால் காடு மாதிரி இருக்கும். இன்ஜின் வயரிங்கை முழுசாக வைத்துக்கொண்டால் வண்டியோடு சேர்க்க வேண்டியவை கொஞ்சம்தான்: பேட்டரியிலிருந்து நேரடி மின்சாரம், சாவி போட்டால் வரும் மின்சாரம், செல்ஃப் அடிக்கும்போது வரும் சிக்னல், பம்ப் ரிலே, ஃபேன் ரிலே, செக் இன்ஜின் விளக்கு, வேக சிக்னல், எர்த். கண்டறிதல் கனெக்டரைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு குறை வரும்போது அதுதான் வாய் திறந்து பேசும்.

எர்த்தில் கஞ்சத்தனம் வேண்டாம். இன்ஜினிலிருந்து சேஸிஸுக்கு ஒன்று, பாடிக்கு ஒன்று, தடித்த வயரில், பெயின்ட் சுரண்டிய இடத்தில். "சென்சார் போயிடுச்சு" என்று மூன்று சென்சார் மாற்றிய பிறகு எர்த் போல்ட்டில் துரு கண்டுபிடிக்கப்படுவது அடிக்கடி நடக்கிறது.

வேக சிக்னல் இல்லாவிட்டாலும் வண்டி ஓடும். ஆனால் போக்குவரத்து சிக்னலில் வந்து நிற்கும்போது ஐடில் (மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) விழுந்து அணையும், செக் இன்ஜின் விளக்கும் எரியும்.

பெட்ரோல் பம்ப்?

எம்பிஎஃப்ஐ ஜிப்ஸி என்றால் டேங்க்கில் இருக்கும் பம்ப்பே போதும். அழுத்தத்தை மட்டும் கேஜ் வைத்துப் பாருங்கள். கார்புரேட்டர் வண்டியின் மெக்கானிக்கல் பம்ப் இதற்கு உதவாது. இன்ஜெக்ஷனுக்கு இரண்டரை பாருக்கு மேல் வேண்டும். எம்பிஎஃப்ஐ டேங்க்கும் பம்ப்பும் வாங்கி, ரிட்டர்ன் குழாயும் ஓட்டுங்கள். ஹோஸ் இன்ஜெக்ஷன் அழுத்தத்துக்கு உரியதாக இருக்கட்டும். கார்புரேட்டர் ஹோஸை வைத்துக் கிளிப் போட்டால் ஒரு நாள் எக்ஸாஸ்ட் மேல் பெட்ரோல் பீய்ச்சும். இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

ஹீட் ஆகுமா?

பழைய ரேடியேட்டர் சுத்தமாக இருந்தால் சமவெளியில் சமாளிக்கும். மெதுவாக ஏறும் காட்டுப்பாதையில் சமாளிக்காது. உள்ளே குழாய் அடைத்த ரேடியேட்டரை ராடு விட்டுச் சுத்தம் செய்வதோ, ஒரு வரிசை கூடுதலாக உள்ள கோர் போடுவதோ நல்லது.

பலேனோவில் ஃபேன் மின்சாரத்தில் ஓடுவது, வாட்டர் பம்ப்பில் ஃபேன் மாட்ட இடம் இருக்காது. மின்ஃபேன் போடும்போது தகர மறைப்போடு போடுங்கள், 30 ஆம்பியர் ரிலே, தனி ஃபியூஸ். சுழலும் திசையைத் தாள் வைத்துப் பாருங்கள்: ரேடியேட்டரின் முன்பக்கம் வைத்த தாள் ஒட்டிக்கொள்ள வேண்டும். பறந்தால் வயர் மாறியிருக்கிறது. நின்றால் ஹீட், ஓடினாலும் ஹீட் என்று குழம்ப வைப்பது இந்தத் தவறுதான்.

இன்னொன்று: இன்ஜின் உயரமாகிவிட்டதால் தண்ணீர் வெளியேறும் குழாய் ரேடியேட்டர் மூடியைவிட மேலே வந்துவிடலாம். அப்போது காற்று அங்கேயே தங்கும். முன்பக்கத்தை மேட்டில் ஏற்றி நிறுத்தி, ஹீட்டரைத் திறந்து வைத்து நிரப்புங்கள். அப்படியும் காற்று போகவில்லை என்றால் மேல் ஹோஸின் உச்சியில் மூடி உள்ள ஒரு கழுத்துக் குழாயைச் சேர்த்துவிடுங்கள்.

கியர் பெட்டியும் ஆக்சிலும் தாங்குமா?

அளவோடு ஓட்டினால் தாங்கும். ஜிப்ஸி கிங்கில் முதல் கியர் 3.652, டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ விகிதம் 2.268, இரண்டும் பெருக்கினால் 8.28. ஜி13பிபி-யில் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வெளியேறும் இழுவை சுமார் 850 நியூட்டன் மீட்டர்; 1.6-இல் சுமார் 1075. லோ கியரில் சக்கரம் மாட்டிக்கொண்டிருக்கும்போது திடீரென்று கிளட்ச்சை விட்டால், முதலில் போவது முன் ஆக்சிலின் ஜாயின்ட், அதன் பிறகு பின் ஆக்சில் ஷாஃப்ட்.

டிரான்ஸ்ஃபர் கேஸின் ரப்பர் மவுண்ட்களை இன்ஜின் வேலையோடு சேர்த்தே மாற்றுங்கள். அது தனியாகச் சேஸிஸில் தொங்குவதால், ரப்பர் கிழிந்தால் முழுப் பெட்டியும் முறுக்கிக்கொள்ளும். குட்டி ஷாஃப்ட் கோணலாகி அதிரும்.

பெரிய டயரும் சேர்த்துப் போடலாமா?

205/70 ஆர்15 டயரின் விட்டம் 668 மிமீ. 235/75 ஆர்15 போட்டால் 733 மிமீ. கிட்டத்தட்ட 10 சதவீதம் கியர் நீளமாகும், அதாவது அதே சுழற்சியில் வண்டி கூடுதல் தூரம் போகும், இழுவை குறையும். கிடைத்த 26 சதவீத இழுவையில் அந்த அளவு டயருக்கே போய்விடும். இருந்தாலும் பழைய வண்டியைவிட லாபம்தான், ஐந்தாவது கியரும் பயன்படத் தொடங்கும். அதற்கு மேல் பெரிய டயர் என்றால் ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுன் பினியன் பற்சக்கர விகிதத்தையும் மாற்ற வேண்டிவரும்.

பிரேக்?

80 கிமீ வேகத்தில் ஓடும் வண்டியை நிறுத்துவதைவிட, 100-இல் ஓடும்போது நிறுத்த, பிரேக் உறிஞ்ச வேண்டிய ஆற்றல் 56 சதவீதம் அதிகம். முன் டிஸ்க்கின் கனத்தை அளந்து, தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். பின் டிரம் லைனிங், வீல் சிலிண்டர், பிரேக் ஆயில் எல்லாம் புதிது. பூஸ்டர் வெற்றிடக் குழாயை இன்டேக் மேனிஃபோல்டில் அதற்கென்று உள்ள பெரிய முனையில் மாட்டுங்கள். சின்ன முனையில் மாட்டினால் இரண்டாவது மிதியில் பெடல் கல்லாகிவிடும்.

டீசல் போடலாமே? 1.3 டீசல் நிறையக் கிடைக்கிறதே?

75 குதிரைத்திறன் 1.3 டீசலின் இழுவை 190 நியூட்டன் மீட்டர். லோ முதல் கியரில் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வருவது 1570-க்கு மேல். 103 தரும் இன்ஜினோடு பிறந்த கியர் பெட்டிக்கு இது பெரும் பாரம். அடாப்டர் தகடு, இன்டர்கூலர் இடம், காமன் ரெயில் வயரிங் எல்லாம் தனி. பதிவுச் சான்றிதழில் எரிபொருளே மாறுகிறது. எங்கள் கருத்தில் ஜிப்ஸிக்குப் பெட்ரோல்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு: தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரத்துக்கும் பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கும் முரண்படும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

1298 சிசி என்று எழுதிய சான்றிதழில் 1590 சிசி இன்ஜின் ஓடினால் அது முரண்தான். ஆகவே இன்ஜின் வாங்குவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தில் விண்ணப்பம் கொடுத்துப் பதிலை வாங்குங்கள். அனுமதி கிடைத்து மாற்றினால் 14 நாளுக்குள் தெரிவித்து, சான்றிதழில் புது இன்ஜின் எண்ணை ஏற்ற வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறுத்துவிட்டால், அந்த வண்டி பொதுச் சாலைக்கு வரக் கூடாது: சொந்த எஸ்டேட்டுக்குள்ளோ, டிரெய்லரில் ஏற்றிப்போய் மூடிய திடலில் நடக்கும் ஆஃப்ரோடு போட்டியிலோ மட்டும். எண் பொருந்தாத வண்டி யார் மேலாவது மோதினால், காப்பீடு கைவிட்டு, இழப்பீடு முழுவதும் உங்கள் தலையில் விழக்கூடும். அடிபட்டவருக்கும் பணம் கிடைக்கத் தாமதமாகும்.

ஏற்றி முடித்து முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது?

பம்ப் ரிலேயையும் இக்னிஷனையும் கழற்றிவிட்டு, பிளக் இல்லாமல், ஆயில் விளக்கு அணையும் வரை செல்ஃப் அடியுங்கள். பிறகு பம்ப்பை மட்டும் ஓடவிட்டு ஒவ்வொரு பெட்ரோல் இணைப்பையும் கையால் தடவிப் பாருங்கள். தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும். பிடித்ததும் இக்னிஷன் டைமிங்கை விளக்கு வைத்துப் பார்த்து, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும் வரை ஐடிலில் விடுங்கள்.

ஐடில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் ஏதோ ஒரு வெற்றிடக் குழாய் திறந்திருக்கிறது. 1500 சுழற்சியில் மட்டும் அதிர்ந்தால் மவுண்ட் கை சேஸிஸையோ, எக்ஸாஸ்ட் குழாய் பாடியையோ தொட்டுக்கொண்டிருக்கும். 500 கிமீ ஓடியதும் பெல் ஹவுசிங் போல்ட், மவுண்ட் போல்ட், எக்ஸாஸ்ட் நட் மூன்றையும் மறுபடி இறுக்கி, சேம்பர் வெல்டிங்கைத் துடைத்துப் பார்த்து, ஆயிலை மாற்றுங்கள்.